கலிஃபோர்னியா டிஸ்க்குக்காக ஜெர்மனி போனவர்கள்

கலிஃபோர்னியாவில் சன்னிவேல் என்றோர் ஊர். அங்கே இருந்த ஸ்பைனல் கைனடிக்ஸ் என்ற நிறுவனம், கழுத்தெலும்புகளுக்கு நடுவே வைப்பதற்காக எம்6-சி என்ற செயற்கை டிஸ்க்கைத் தயாரித்தது. ஆனால் அதே சன்னிவேலில் குடியிருக்கும் ஒருவர் அந்த டிஸ்க்கைத் தன் கழுத்தில் வைத்துக்கொள்ள விரும்பினால், மருத்துவ ஆய்வு எதிலாவது இடம் கிடைத்தாலொழிய, சொந்த நாட்டில் நெடுநாள் வழி இருக்கவில்லை. 2019 பிப்ரவரியில்தான், மருந்துகளுக்கும் மருத்துவச் சாதனங்களுக்கும் அனுமதி கொடுக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அதற்கு அனுமதி கொடுத்தது. ஜெர்மனியிலோ அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே அதை வைத்துக்கொண்டிருந்தார்கள். தன் ஊரில் செய்த பொருளுக்காக அவர் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது.

போனார்கள். 2000-க்குப் பிறகான பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பவேரியாவின் ஷ்ட்ராபிங், பிரேமன் பக்கத்தில் இருக்கும் ஷ்டேனும், மியூனிக் என்று அமெரிக்கர்கள் தேடிப் போன ஊர்கள் சில உண்டு. இங்கிலாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும்கூடப் போனார்கள். முதுகு ஆபரேஷனுக்கு வெளிநாடு போவது என்றால் நம் மனதில் வங்கதேசத்திலிருந்து வேலூருக்கும், மாலத்தீவிலிருந்து சென்னைக்கும் வருபவர்கள்தான் வருவார்கள். வசதி குறைந்த இடத்திலிருந்து வசதி கூடிய இடத்துக்கு என்பது நம் கணக்கு. இங்கே பணமும் ஆஸ்பத்திரியும் நிறைந்த நாட்டிலிருந்தே ஜனங்கள் கிளம்பினார்கள். அவர்கள் ஏன் போனார்கள், என்ன கிடைத்தது, எதை விட்டுவிட்டு வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு எண்ணம்.

அதற்குக் காரணம் ஓர் எக்ஸ்ரே. திருச்சியில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் "ஜவ்வு விலகிடுச்சு சார்" என்று உட்காருகிறவர்கள். ஒருநாள் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். வளைகுடாவில் வேலை. விடுப்பு எடுத்து ஐரோப்பாவில் ஒரு நாட்டுக்குப் போய் இடுப்பில் டிஸ்க் மாற்றிக்கொண்டு வந்தவர். இரண்டு வருடம் நன்றாக இருந்தாராம், அப்புறம் இடது பிட்டத்தில் வலி. சட்டையைத் தூக்கிக் காட்டினார். முதுகில் ஒரு கீறல்கூட இல்லை. தொப்புளுக்குக் கீழே இடது ஓரமாக, சுண்டுவிரல் நீளத்துக்கு வெளிறிய தழும்பு. எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் செருகினேன். நாலாவது ஐந்தாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவே பளிச்சென்று இரண்டு உலோகத் தகடுகள், இடையில் ஒன்றுமே இல்லாதது போலக் கறுப்பு. அந்தக் கறுப்பில்தான் பிளாஸ்டிக் இருக்கிறது, எக்ஸ்ரேயில் அது தெரியாது. மேல் தகட்டிலிருந்து எலும்புக்குள் துடுப்பு மாதிரி ஒன்று ஏறியிருந்தது.

"எந்தக் கம்பெனி டிஸ்க்குண்ணே? கார்டு கொடுத்திருப்பாங்களே?"

"என்ன வெச்சாங்கன்னு எனக்கே தெரியாது சார். ஏஜென்ட்தான் எல்லாம் பாத்துக்கிட்டான். இப்ப அவன் போன எடுக்கிறதில்ல."

அவர் கையில் இருந்தது பணம் கட்டிய ரசீதும், ஒன்றரைப் பக்க டிஸ்சார்ஜ் சம்மரியும். அதில் 'டிஸ்க் மாற்று அறுவை சிகிச்சை, சிக்கல் இல்லை' என்ற அளவுக்குத்தான் விவரம். டிஸ்க்கின் பெயர் இல்லை, அளவு இல்லை, எந்தத் தயாரிப்புத் தொகுதியில் வந்தது என்று சொல்லும் லாட் எண் இல்லை. அன்றைக்கு ராத்திரிதான் இந்த டிஸ்க்குகளின் கதையை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

ஒட்டிவிடுவதா, அசையவிடுவதா

நம் முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குக்கு நேரடியாக ரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழும் இருக்கும் எலும்புத் தகடுகள் வழியாக ஊறி வரும் சத்தைக் கொண்டுதான் அது பிழைக்கிறது. இந்த ஊறல் எப்படி நடக்கிறது, எங்கே தடைப்படுகிறது என்பதை மனிதர்களிடமே தொடர் எம்.ஆர்.ஐ. எடுத்துக் காட்டியவர் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் அவர் குழுவும். அதற்காக உலக அளவில் இடுப்பு முதுகு ஆய்வுக்குக் கொடுக்கப்படும் ஐ.எஸ்.எஸ்.எல்.எஸ். பரிசு 2004-ல் கிடைத்தது. நம் பக்கத்து ஊரில் நடந்த வேலை என்பதால் சொல்லாமல் கடக்க மனமில்லை. விஷயம் என்னவென்றால், இவ்வளவு கஷ்டப்பட்டுச் சாப்பிடுகிற திசு ஒருமுறை தேய்ந்தால் தானாகத் தேறி வருவது கடினம்.

பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாது. இதை என் தொழிலுக்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான். தேவைப்படுகிறவர்களுக்கு நெடுங்காலமாக இருந்த வழி ஃப்யூஷன். கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்துவிட்டு, எலும்பு வைத்து, பிளேட்டோ ஸ்க்ரூவோ போட்டு இரண்டு எலும்புகளையும் ஒன்றாக்கிவிடுவார்கள். வலி குறையும், ஆனால் அந்த இடம் அசையாது. அசையாத இடத்தின் சுமை மேலேயும் கீழேயும் இருக்கும் டிஸ்க்குகள் மேல் விழும் என்பது பயம். கழுத்தில் ஃப்யூஷன் செய்தவர்களைத் தொடர்ந்து கவனித்து ஹிலிபிராண்ட் குழு 1999-ல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பயத்துக்கு ஒரு எண் கொடுத்தது. ஆண்டுக்குச் சராசரியாக 2.9 சதவீதம் பேருக்குப் பக்கத்து டிஸ்க்கில் புதிதாகத் தொந்தரவு வருகிறது, பத்து வருடத்தில் நாலில் ஒருவருக்கு வரக்கூடும் என்றது. அது ஃப்யூஷனால் வருகிறதா, வயதானால் எப்படியும் வருவதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் முப்பத்தைந்து வயதில் கழுத்தை ஒட்டவைக்கப் போகிறோம் என்று டாக்டர் சொல்லக் கேட்ட ஒருவருக்கு அந்த வாதமெல்லாம் காதில் விழாது. அசைகிற டிஸ்க் எங்கே கிடைக்கும் என்றுதான் தேடுவார்.

தங்கம் வாங்கிய கைகள்

அசைகிற டிஸ்க் வந்த இடம் கிழக்கு பெர்லின். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் வால்ட்டிலும் ஏற்றத்தாழ்வுக் கம்பிகளிலும் தங்கம் வாங்கிய கிழக்கு ஜெர்மனி ஜிம்னாஸ்ட் காரின் யான்ட்ஸ், அப்புறம் மருத்துவம் படித்து எலும்பு மருத்துவர் ஆனார். 1980-களின் தொடக்கத்தில் சாரிட்டே மருத்துவமனையில் கூர்ட் ஷெல்நாக் என்ற மருத்துவரோடு சேர்ந்து அவர் வடிவமைத்ததுதான் எஸ்.பி. சாரிட்டே. எஸ் ஷெல்நாக், பி பியூட்னர்-யான்ட்ஸ், அவருடைய திருமணத்துக்குப் பிந்தைய பெயர். இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் வழுக்கிக்கொடுக்கும் பாலிஎத்திலீன் வில்லை. 1984-ல் முதன்முதலாக மனிதருக்கு வைத்தார்கள்.

முதல் வடிவத்தில் தகடு சின்னது, எலும்புக்குள் அமிழ்ந்தது. இரண்டாவதில் பக்கவாட்டில் இறக்கை சேர்த்தார்கள், உலோகம் களைத்து உடைந்தது. மூன்றாவதை 1987-ல் மேற்கு ஜெர்மனி ஹாம்பர்க்கின் வால்டெமார் லிங்க் நிறுவனம் கோபால்ட்-குரோமியக் கலவையில் செய்துகொடுத்தது. பெர்லின் சுவர் விழுவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே இந்த டிஸ்க் எல்லை தாண்டிவிட்டது. உலகம் முழுக்கப் போனது இந்த மூன்றாவது வடிவம்தான்.

இதே காலத்தில் பிரான்சின் மோன்பெலியேவில் தியேரி மார்னே என்ற மருத்துவர் இன்னொரு டிஸ்க் செய்தார், ப்ரோடிஸ்க். அவர் செய்தது என்னை இன்றும் நெகிழவைக்கிறது. 1990 முதல் 1993 வரை 64 பேருக்கு வைத்தார். அப்புறம் நிறுத்திக்கொண்டார். இவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது என்று காத்திருந்தார். பல வருடம் கழித்து அந்த 64 பேரைத் தேடிப் போனார்கள். 55 பேர் கிடைத்தார்கள். சராசரியாக 8.7 வருடம் ஆகியிருந்தது. 33 பேருக்கு மிக நல்ல பலன், 8 பேருக்கு நல்ல பலன், 14 பேருக்குச் சரியில்லை. அந்த 14-ஐ மறைக்காமல் எழுதினார்கள். இந்த எண்ணிக்கையைப் பார்த்த பிறகே மேம்படுத்திய அடுத்த ப்ரோடிஸ்க் பரவலானது. ஒரு டிஸ்க்கை நல்லது கெட்டது என்று சொல்லவேண்டுமானால் அதை வைத்தவர் அத்தனை வருடம் கழித்தும் நோயாளியின் வீட்டு விலாசத்தை வைத்திருக்கவேண்டும். அதுதான் நான் இதில் கற்றுக்கொண்ட பெரிய விஷயம். ஆகாயவழி வந்து போகும் நோயாளியின் விலாசம் அப்படி யாரிடமும் தங்குவதில்லை.

அனுமதியில் இருந்த இடைவெளி

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இரண்டு வேறு கதவுகள். ஐரோப்பாவில் சி.இ. முத்திரை கிடைத்தால் விற்கலாம். அதை வழங்க அரசு நியமித்த தனியார் சோதனை அமைப்புகள் இருந்தன. முன்பே சந்தையில் இருக்கும் ஒன்றைப் போலத்தான் இதுவும் என்று காட்டினால்கூடப் பல சாதனங்களுக்கு வழி கிடைத்தது. அமெரிக்காவில் செயற்கை டிஸ்க்குக்கு, நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு டிஸ்க், இன்னொன்றுக்கு ஃப்யூஷன் என்று செய்து, இரண்டு வருடம் பொறுத்து முடிவு காட்டவேண்டும்.

சாரிட்டேவுக்கு அப்படி 304 பேரை வைத்து 14 மையங்களில் ஆய்வு நடந்தது. 2004 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. பெர்லினில் முதன்முதலாக வைத்து இருபது வருடம் ஆகியிருந்தது! ப்ரோடிஸ்க்கின் இடுப்பு டிஸ்க் 2006 ஆகஸ்டில் வந்தது. கழுத்துக்கான மோபி-சி பிரான்சில் 2004-ல் தொடங்கியது, அமெரிக்காவில் 2013 ஆகஸ்டில்தான் அனுமதி. ஒன்பது வருட இடைவெளி. நோயோடு இருக்கிறவருக்கு ஒன்பது வருடம் என்பது வேலை பார்க்கும் வயதில் ஒரு பெரிய துண்டு. விமானம் ஏறியவர்களை நான் அவசரக்காரர்கள் என்று சொல்லமாட்டேன்.

அனுமதி வந்த பிறகும் கதவு பாதிதான் திறந்தது. சாரிட்டேவுக்குக் கிடைத்த அனுமதி இடுப்பின் கடைசி இரண்டு இடங்களில் ஏதாவது ஒன்றுக்கு மட்டும். இரண்டு டிஸ்க் போனவருக்கு ப்ரோடிஸ்க் வழியாக இடுப்பில் அனுமதி வந்தது 2020 ஏப்ரலில். மூன்று நாலு இடம் கெட்டவருக்கு அங்கே இன்றும் முறையான அனுமதி கிடையாது. ஜெர்மனியிலோ ஒரு இடத்தில் டிஸ்க், பக்கத்தில் ஃப்யூஷன் என்று கலந்து செய்தார்கள், மூன்று இடம் நான்கு இடம் என்றும் செய்தார்கள். போதாக்குறைக்கு இன்சூரன்ஸ். அமெரிக்க அரசின் காப்பீட்டுத் திட்டமான மெடிகேர் 2006-ல் அறுபது வயது தாண்டியவர்களுக்குச் சாரிட்டேவை ஏற்கமாட்டோம் என்றது. 2007 ஆகஸ்டில் எல்லா இடுப்பு டிஸ்க்குகளுக்கும் அதை நீட்டியது. தனியார் இன்சூரன்ஸ்காரர்கள் பலரும் 'சோதனை நிலை' என்று முத்திரை குத்தி மறுத்தார்கள். கைக்காசு போட்டே செய்யவேண்டும் என்றான பிறகு எங்கே செய்தால் என்ன என்று தோன்றும் இல்லையா.

அந்த அமெரிக்க ஆய்வின் முடிவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரங்களில் அது வேறு மாதிரி வந்தது. ஆய்வு வைத்திருந்த அளவுகோலில் இரண்டு வருடம் கழித்து வெற்றி என்று சொல்லத்தக்கவர்கள் சாரிட்டே குழுவில் 57 சதவீதம், ஃப்யூஷன் குழுவில் 46 சதவீதம். டிஸ்க் ஃப்யூஷனைவிட மோசமில்லை என்று நிரூபித்தது, அதற்குத்தான் அந்த ஆய்வு. ஆனால் நூற்றில் 43 பேர் அந்த வெற்றிக் கோட்டைத் தொடவில்லை என்பதும் அதே தாளில் இருக்கிறது. அந்த 43 பேருக்கு இரண்டு வருடமும் யாரோ ஃபோன் போட்டு, ஸ்கேன் எடுத்து, குறித்துக்கொண்டார்கள் என்பதால்தான் நமக்கே அது தெரியும்.

வயிறு வழியாக

இடுப்பு டிஸ்க் மாற்றுவது முதுகு ஆபரேஷன் என்று பெயர், நடப்பது வயிற்றில். நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து, தொப்புளுக்குக் கீழே கிழித்து, குடல்களைச் சுமந்திருக்கும் பையை அப்படியே வலதுபக்கம் ஒதுக்குவார்கள். அடியில் முதுகெலும்பின் மேல் பெரிய ரத்தக்குழாய்கள் கிடக்கும். இதயத்திலிருந்து வரும் அயோர்ட்டா நாலாவது இடுப்பெலும்பு அருகே இரண்டாகப் பிரிகிறது. ஐந்தாவது எலும்புக்குக் கீழே உள்ள டிஸ்க் அந்தக் கவட்டைக்குள் இருப்பதால் கொஞ்சம் எட்டும். அதற்கு மேல் டிஸ்க்குக்குப் போக இடது இலியாக் ரத்தநாளத்தை மெல்லத் தள்ளவேண்டும். நாளச் சுவர் நனைந்த காகிதம் மாதிரி. அதனால்தான் பல இடங்களில் ரத்தக்குழாய் நிபுணர் கூடவே நிற்கிறார். அதே இடத்தில் ஓடும் நரம்புப் பின்னல் அடிபட்டால் ஆண்களுக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போகலாம். பிள்ளைக்குத் திட்டமிட்டிருக்கும் இளைஞரிடம் இதை முன்னாலேயே சொல்லவேண்டும். ஏஜென்ட் சொல்லமாட்டார்.

டிஸ்க்கைச் சுரண்டி எடுத்து, தகட்டின் துடுப்புக்கு எலும்பில் உளியால் பள்ளம் வெட்டி, ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவியின் திரையில் பார்த்துக்கொண்டே தட்டி இறக்குவார்கள். நடுக்கோட்டிலிருந்து சில மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட பின்பக்க மூட்டுகளின் மேல் சுமை மாறும். பின்மூட்டு ஏற்கெனவே தேய்ந்தவர், எலும்பு மென்மையானவர், எலும்பு முன்னுக்கு வழுக்கியவர் இவர்களுக்கெல்லாம் இந்த ஆபரேஷன் சரிப்படாது. ஒழுங்காகச் சலித்தெடுத்தால் முதுகுவலியோடு வருகிறவர்களில் தேறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று உண்டு. மறுபடி அதே வழியில் உள்ளே போவது. முதல் ஆபரேஷன் ஆறியபின் அந்த ரத்தக்குழாய்கள் டிஸ்க்கோடும் எலும்போடும் தழும்பாக ஒட்டிக்கொள்கின்றன. டிஸ்க்கைக் கழற்றவேண்டி வந்தால் அந்த ஒட்டலைப் பிரித்துப் போகவேண்டும். முதல் முறையைவிடப் பலமடங்கு ஆபத்து. கழற்றுகிற டாக்டருக்கு உள்ளே என்ன டிஸ்க், என்ன அளவு, எந்தக் கருவியால் பிடிக்கவேண்டும் என்று தெரியாவிட்டால் அவர் கை ஓடாது. என் கிளினிக்குக்கு வந்தவருடைய ஒன்றரைப் பக்கத் தாள் எனக்குக் கோபத்தை வரவைத்தது இதனால்தான்.

வேறு வாசலில் வந்து நின்றவர்கள்

2003-ல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட்டிலிருந்து வான் ஓய் என்ற மருத்துவரும் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சாரிட்டே வைத்துக்கொண்டு தொந்தரவோடு வந்த 27 பேரைப் பற்றியது. அவர்கள் வேறு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பலன் சரியில்லை என்று மாஸ்ட்ரிக்ட் வாசலில் வந்து நின்றார்கள். தகடு அமிழ்ந்தது, பிளாஸ்டிக் தேய்ந்தது, பின்மூட்டு கெட்டது, பக்கத்து டிஸ்க் கெட்டது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. வைத்த கைக்குத் தெரியாத சேதி, வந்து நின்ற வாசலில்தான் தெரிந்தது. அவர்களாவது ஒரே நாட்டுக்குள் இருந்தவர்கள். ஷ்ட்ராபிங்கில் வைத்துக்கொண்டு டெக்ஸாஸ் திரும்பியவர் ஐந்து வருடம் கழித்து உள்ளூர் டாக்டரிடம் போனால் அது யாருடைய கணக்கில் சேரும்? பெரும்பாலும் யாருடைய கணக்கிலும் சேராது. அதோடு, அங்கே பல டாக்டர்கள் அடுத்தவர் வைத்த, தம் நாட்டில் அனுமதியில்லாத டிஸ்க்கில் கைவைக்கவே தயங்கினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கருவிப்பெட்டி இல்லாமல் என்ன செய்வார்கள்?

ஐரோப்பியக் கதவின் பலவீனத்துக்கும் சாட்சி உண்டு. கேம்பிரிட்ஜின் ரானியர் டெக்னாலஜி செய்த காடிஸ்க்-எல், உலோகமே இல்லாமல் முழுக்கப் பாலிமரில் செய்த இடுப்பு டிஸ்க். 2010-ல் சி.இ. முத்திரை வாங்கியது. வடமேற்கு ஜெர்மனியின் லேயர் நகரில் பல பேருக்கு வைத்தார்கள். 2014-ல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். நோயாளிகள் பலருக்கு அது சிதைந்து, கழற்றவேண்டி வந்தது. 2018 நவம்பரில் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து வெளியிட்ட 'இம்ப்ளாண்ட் ஃபைல்ஸ்' விசாரணையில் இந்த டிஸ்க்கின் கதையும் வந்தது. ஐரோப்பா தன் விதிகளை இறுக்கி, புதிய சட்டத்தை 2021 மே மாதம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

எம்6-க்கு என்ன ஆனது? ஸ்பைனல் கைனடிக்ஸை 2018-ல் ஆர்த்தோஃபிக்ஸ் வாங்கியது. நடுவே நிஜ டிஸ்க்கைப் போலவே மெத்தென்ற பாலிமர் உள்ளும், அதைச் சுற்றி இழைச் சுற்றும் இருக்கும் அழகான வடிவம் அது. அதனாலேயே அதைத் தேடிப் போனவர்கள் அதிகம். சில வருடம் கழித்து, தேய்மானத் துகள்களால் சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் ஒவ்வொன்றாகச் செய்தி வரத் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் எம்6 வரிசையையே நிறுத்துவதாக நிறுவனம் அறிவித்தது. வைத்துக்கொண்டவர்களில் பலர் நலமாகவே இருக்கலாம். ஆனால் அவர்கள் கழுத்தை ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும் என்று அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? வைத்த ஆஸ்பத்திரி வேறு நாட்டில். நிறுவனம் கைமாறிவிட்டது. உள்ளூர் டாக்டருக்கு அவர் கழுத்தில் எம்6 இருப்பதே தெரியாது.

போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல கையில், சரியான ஆளுக்கு, அசைகிற டிஸ்க் நல்ல வைத்தியம்தான். கழுத்தில் முக்கியமாக, பல வருடப் பின்தொடர்தலில் ஃப்யூஷனுக்குச் சமமாகவோ அதைவிட மேலாகவோ வந்திருக்கிறது. நம் ஊரிலேயே சென்னையிலும் கோவையிலும் செய்கிறார்கள், அங்கே வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், அவர்களுக்கும் இந்தக் கதை பொருந்தும். டாக்கா திரும்புகிற ஒருவருக்கு நாம் கொடுத்தனுப்பும் தாள் எத்தனை பக்கம் என்று நாமும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

போகிறவர் எனக்குத் தெரிந்தவராக இருந்தால் நான் மூன்று விஷயம்தான் கெஞ்சிக் கேட்பேன். முதலாவது, விமானம் ஏறுவதற்கு முன்னால் உள்ளூரில் ஒரு முதுகெலும்பு டாக்டரைப் பார்த்து, "நான் திரும்பி வந்தபின் நீங்கள் என்னைப் பார்ப்பீர்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அவர் முடியாது என்றால் அது இப்போதே தெரிவது நல்லது. இரண்டாவது, ஆபரேஷன் அறையில் டிஸ்க் பெட்டியைப் பிரிக்கும்போது அதிலிருந்து உரித்தெடுக்கும் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். தயாரிப்பாளர் பெயர், மாடல், அளவு, லாட் எண், வரிசை எண் எல்லாம் அதில் இருக்கும். அதன் நகல் ஒன்று உங்கள் கையில் வேண்டும். ஆபரேஷன் குறிப்பு முழுசாக, சுருக்கம் அல்ல, ஆங்கிலத்தில் வேண்டும். முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்கள் சி.டி.யிலோ பென்டிரைவிலோ வேண்டும். இவற்றைப் பணம் கட்டும் முன் எழுத்தில் வாங்குங்கள், பணம் கட்டியபின் உங்கள் குரல் சன்னமாகிவிடும். மூன்றாவது, காலில் ரத்தம் உறையும் ஆபத்து. ஆபரேஷன், படுக்கை, எட்டு ஒன்பது மணிநேர விமானம் மூன்றும் சேர்ந்தால் அது கூடும். எப்போது ஏறலாம் என்று டாக்டரைக் கேட்டு, காலுறை போட்டு, மணிக்கொரு தடவை எழுந்து நடந்து, தண்ணீர் குடித்துக்கொண்டு வாருங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

என்னிடம் வந்தவருக்குப் பின்னால் என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன். வலி டிஸ்க்கிலிருந்து இல்லை. இடுப்பு மூட்டும் சுற்றியிருக்கும் தசையும் இறுகிப்போயிருந்தன. ஆறு வாரத்தில் நன்றாக நடந்தார். ஆனால் அந்தத் தாளை விடக்கூடாது என்று நானும் அவரும் உட்கார்ந்து அந்த ஆஸ்பத்திரிக்கு மின்னஞ்சல் எழுதினோம். முதல் மூன்றுக்குப் பதில் இல்லை. அவருடைய பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், ஆபரேஷன் தேதி, தழும்பின் படம் எல்லாம் வைத்து நாலாவது எழுதினோம். ஐந்தாவது மாதம் பதில் வந்தது, ஐந்து பக்கம். நாலாவது பக்கத்தின் ஓரத்தில் கோணலாக ஒட்டப்பட்ட ஸ்டிக்கரின் நகல். லாட் எண்ணின் கடைசி இலக்கம் மங்கல், விளக்குக்கு நேராகப் பிடித்துப் படித்தோம், ஏழு. அதை அவர் தன் மகளைக் கூப்பிட்டு அவள் ஃபோனிலும் எழுதிக்கொள்ளச் சொன்னார். வருடா வருடம் ஆடி மாதம் ஊருக்கு வரும்போது எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வருகிறார். போன ஆடியிலும் தகடுகள் வைத்த இடத்திலேயே இருந்தன.